மந்திரித்த மண், மந்திரிக்காத மண்: ஒரு விக்டோரியாக் காலக் கல்லறைத் தோட்டம் பற்றி

செத்துட்டா எல்லோரும் சமம்தான் என்று டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிணம் எந்த வழியாகப் போகலாம், குழியை யார் வெட்டுவது, எந்த வரிசையில் வெட்டுவது, மேலே கல் வைக்க யாருக்கு உரிமை என்று கேட்கத் தொடங்கினால் இந்தச் சமத்துவம் அரைமணி நேரம்கூடத் தாங்காது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் நடுவே எழுப்பப்பட்ட சுவரைப் பற்றி இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் இங்கே பேசப் போவது இன்னொரு நாட்டுக் கல்லறைத் தோட்டம். இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் உள்ள பிரிஸ்டல் நகரின் ஆர்னோஸ் வேல். அங்கே சுவர் இல்லை. இரண்டு சிற்றாலயங்கள் இருக்கின்றன. ஒரு கூட்டுப்பங்குக் கம்பெனி இருந்தது. ஒரு பூணூலும் இருக்கிறது.

முதலில் அந்தக் காலத்து ஆங்கிலேயப் பிணத்தின் நிலைமையைப் பார்த்துவிடுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஊர்க்கோயில் வளாகத்திலேயே புதைப்பதுதான் அங்கே வழக்கம். அந்த மண் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையின் மண். பாப்திஸ்து, குவேக்கர், யூனிட்டேரியன் என்று பிரிந்துபோன சபைக்காரர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட வேண்டுமானால் ஆங்கிலிக்கன் குருவானவர் ஆங்கிலிக்கன் முறைப்படிதான் நடத்துவார், கட்டணமும் அவருக்குத்தான். தங்கள் போதகரை வைத்துச் சடங்கு செய்யும் உரிமை அவர்களுக்கு 1880ல்தான் சட்டப்படி கிடைத்தது. தற்கொலை செய்துகொண்டவர் என்றால் இன்னும் மோசம். 1823 வரை நாற்சந்தியில் புதைத்து உடலில் முளை அடிக்கும் வழக்கம் இருந்தது. அந்த ஆண்டு 'சீர்திருத்தம்' வந்தது. கோயில் நிலத்தில் புதைக்கலாம், ஆனால் இரவு ஒன்பது மணிக்கும் நடுராத்திரிக்கும் இடையில், சடங்கு எதுவும் இல்லாமல்.

நகரங்கள் பெருத்தன. ஆலைகளும் துறைமுகங்களும் ஜனங்களை இழுத்தன. சாகிறவர்கள் கூடினார்கள், கோயில் நிலம் கூடவில்லை. பழைய குழியைத் தோண்டி, மிச்சமிருந்த எலும்பை அப்புறப்படுத்தி, புதிய பெட்டியை இறக்கினார்கள். 1832ல் காலரா. அதே 1832ல் உடற்கூறியல் சட்டம். இந்த இரண்டும் ஒரே ஆண்டில் வந்ததைத் தற்செயல் என்று விட்டுவிடலாம், ஆனால் அன்றைய ஏழை ஜனங்கள் அப்படி விடவில்லை. அதுவரை மருத்துவக் கல்லூரிகளின் அறுவை மேசைக்குத் தூக்கிலிடப்பட்ட கொலைகாரர்களின் உடல்கள்தான் சட்டப்படி போயின. போதாததற்குப் பிணத்திருடர்கள் இருந்தார்கள். எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் விற்பதற்காகவே கொலை செய்து 1828ல் அகப்பட்டார்கள். பிரச்சினையைத் தீர்க்க வந்த புதிய சட்டம் என்ன சொல்லியது? வொர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழை விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் கேட்பாரின்றிச் சாகிறவர்களின் உடலை அறுக்கக் கொடுக்கலாம் என்று. அதாவது கொலைக்குற்றத்துக்குத் தண்டனையாக இருந்தது இப்போது ஏழ்மைக்குத் தண்டனையாக மாறியது. லிவர்பூலில் அந்த ஆண்டு ஜனங்கள் காலரா மருத்துவமனைக்கு எதிராகக் கலவரம் செய்தார்கள். டாக்டர்கள் அறுப்பதற்காகவே கொல்கிறார்கள் என்று பேச்சு. இதை 'அறியாமை' என்று எழுதுகிற வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். பார்லிமெண்டில் என்ன சட்டம் வந்தது என்று ஜனங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஃபூக்கோ 1967ல் கட்டிடக் கலைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய ஓர் உரையில் கல்லறைத் தோட்டத்தை 'வேறு வகை இடங்களுக்கு' ஒரு உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். 1984ல்தான் அது அச்சானது. ஆன்மாவிலும் உயிர்த்தெழுதலிலும் உறுதியான நம்பிக்கை இருந்தவரை செத்த உடலைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை, நம்பிக்கை தளர்ந்த பிறகுதான் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி, தனிக் குழி, ஊருக்கு வெளியே ஒரு 'இன்னொரு நகரம்' என்றாகிறது என்பது அவர் வாதம். செத்தவர்கள் நோயைப் பரப்புகிறவர்களாகக் கருதப்பட்டதையும் சொல்கிறார். ஏற்கத்தக்கதுதான். ஆனால் இதில் காசு எங்கே? தனிப் பெட்டி எல்லோருக்குமா கிடைத்தது? இந்தக் கேள்விகளை அவர் அந்த உரையில் தொடவில்லை. ஆர்னோஸ் வேலுக்குள் நுழைந்தால் தொடாமல் இருக்க முடியாது.

பிரிஸ்டல் எப்படிப்பட்ட ஊர் என்பதும் தெரிய வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் அடிமை வியாபாரத்தில் கொழுத்த துறைமுகம். 1833ல் அடிமை முறையை ஒழித்தபோது அடிமைகளுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்தவர்களுக்கு 2 கோடி பவுண்டு நட்டஈடு கொடுத்தார்களே, அதில் பிரிஸ்டல் கனவான்களுக்கும் பங்கு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1831 அக்டோபரில், வாக்குரிமைச் சீர்திருத்த மசோதாவைப் பிரபுக்கள் சபை தோற்கடித்ததை எதிர்த்து அங்கே மூன்று நாள் கலவரம் நடந்தது. சிறைகளை உடைத்தார்கள். மசோதாவுக்கு எதிரான பிஷப்பின் மாளிகையைக் கொளுத்தினார்கள். நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள். அந்தச் சாம்பல் ஆறி ஆறு ஆண்டுகள் கழித்து, 1837ல், பார்லிமெண்டின் தனிச் சட்டத்தின் மூலம் பிரிஸ்டல் பொதுக் கல்லறைக் கம்பெனி உருவானது. ஊருக்குத் தென்கிழக்கே, பாத் நகருக்குப் போகும் சாலையில், மரங்கள் சூழ்ந்த ஒரு சரிவை வாங்கினார்கள். பிறகு சேர்ந்ததையும் கூட்டினால் மொத்தம் 45 ஏக்கர்.

கட்டிடக் கலைஞர் சார்லஸ் அண்டர்வுட். நான்கு கட்டிடங்கள் எழுப்பினார். வாசலில் டோரிக் தூண்களோடு இரண்டு காவல் இல்லங்கள். உள்ளே இரண்டு சிற்றாலயங்கள். ஆங்கிலிக்கன்களுக்கானது இத்தாலியப் பாணியில் மணிக்கோபுரத்தோடு இருக்கும். பிரிந்த சபையினருக்கானது கிரேக்கக் கோயில் போல, அயோனிக் தூண்களோடு, கோபுரமில்லாமல். எந்தச் சிலுவைக்கும் முந்திய கிரேக்கத்துக்குப் போனது பொருத்தம்தான் என்று எனக்குப் படுகிறது. ஒரு பங்குதாரர் கூட்டத்தில் எல்லாச் சபைக்காரர்களும் உட்கார்ந்திருக்கும்போது யார் மனமும் நோகாத பாணி அது. நிலமும் அப்படியே பிரிந்தது. 1840ல் பிஷப் வந்து ஒரு பகுதியை மட்டும் மந்திரித்துக் கொடுத்தார். நம்மூர்க் கிறிஸ்தவர்கள் கல்லறை மந்திரிப்பது என்பார்களே, அதேதான். மந்திரித்த மண்ணில் ஆங்கிலிக்கன் சடங்கு மட்டும். மந்திரிக்காத மண்ணில் மற்றவர்கள். அன்றைய கல்லறைக் கம்பெனிகள் பலவற்றுக்கு இதுதான் சூத்திரம். புதைப்பு வருமானம் போய்விடுகிறதே என்று புலம்பிய குருமார்களுக்குப் பிணத்துக்கு இவ்வளவு என்று நட்டஈடு கொடுக்கும் ஏற்பாட்டைப் பல கம்பெனிகளின் சட்டங்களிலேயே எழுதிவைத்தார்கள். நம்பிக்கையால் பிரிந்த மண்ணைக் கணக்குப் புத்தகம் சேர்த்து வைத்தது.

இங்கே ஒரு கிளைக்கதை, விட மனமில்லை. ஊருக்கு வெளியே தோட்டமாகக் கல்லறை அமைக்கும் யோசனை பாரிஸின் பெர் லாஷேஸிலிருந்து, 1804லிருந்து, வந்ததாகத்தான் பொதுவாக எழுதுவார்கள். ஆனால் 1711லேயே வான்ப்ரூ என்ற நாடகாசிரியரும் கட்டிடக் கலைஞருமானவர் லண்டனில் புதிய கோயில்கள் கட்டுவது பற்றி எழுதிய யோசனைக் குறிப்பில், பிணங்களைக் கோயிலுக்குள் புதைக்காமல் ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்றார். அதற்கு அவர் காட்டிய முன்மாதிரி சூரத். குஜராத்தில் ஆங்கிலேய வியாபாரிகள் மொகலாய நவாபுகளைப் பார்த்து எழுப்பிய கும்மட்டச் சமாதிகள். கல்கத்தா பார்க் தெருவில் 1767லேயே ஆங்கிலேயர்களுக்கு ஊர்ப்புறத்தே பெரிய கல்லறைத் தோட்டம் வந்துவிட்டது. காலனி பிறகு, தாய்நாடு முன்பு என்ற வரிசை எப்போதும் சரியாக வராது. விக்டோரியாக் காலத்தின் அந்த 'ஆங்கிலத் தன்மை'யில் நம் மண்ணின் வெயிலும் காய்ச்சலும் கலந்திருக்கிறது.

இனி பூணூல். ஆர்னோஸ் வேலின் வாசலைத் தாண்டியதும் சற்றுத் தொலைவில் கிரேக்கத் தூண்களுக்கு நடுவே சம்பந்தமே இல்லாமல் ஒரு வங்காளச் சத்திரி நிற்கும். தூண்கள் தாங்கிய கல் மண்டபம். அடியில் இருப்பவர் ராம்மோகன் ராய்.

நம் பாடப்புத்தக ராய் உடன்கட்டையை ஒழித்தவர், அவ்வளவுதான். 1831 ஏப்ரலில் லிவர்பூலில் வந்திறங்கிய ராய் மொகலாய பாதுஷா இரண்டாம் அக்பரின் தூதர். 'ராஜா' பட்டம் அவர் கொடுத்ததுதான். கம்பெனி கொடுத்துவந்த உதவித்தொகையைக் கூட்டித்தரக் கேட்பது வந்த வேலைகளில் ஒன்று. 1829ன் உடன்கட்டைத் தடையை எதிர்த்து வைதிகர்கள் பிரிவி கவுன்சிலுக்குப் போட்ட மேல்முறையீட்டை முறியடிப்பதும் ஒன்று. 1832ல் அது தள்ளுபடியானது. 1833 செப்டம்பரில் யூனிட்டேரியன் போதகர் லாண்ட் கார்பெண்டரின் வட்டத்தினர் அழைக்க, பிரிஸ்டலுக்கு அருகே ஸ்டேபிள்டன் குரோவ் என்ற வீட்டுக்குப் போனார். அங்கே காய்ச்சல் கண்டு 27ஆம் தேதி இறந்தார். அக்டோபர் 18ஆம் தேதி அந்த வீட்டுத் தோட்டத்தில் எல்ம் மரங்களுக்கு அடியில் புதைத்தார்கள். ஜெபம் இல்லை, மந்திரம் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. முழு மௌனம்.

ஏன் அப்படி? அவர் கேட்டுக்கொண்டது அது. கிறிஸ்தவர்களின் கல்லறையில் தன்னை வைக்கக் கூடாது, தனியாக ஒரு துண்டு நிலம் வாங்கிப் புதையுங்கள், பார்த்துக்கொள்ள ஒரு ஏழையை அங்கே குடிசை கட்டிக் குடிவையுங்கள் என்று உயிரோடிருக்கும்போதே சொல்லியிருந்தார். கிறிஸ்தவச் சடங்கு நடந்தால் சாதியிழந்தவராகக் கருதப்படுவார், சாதியிழந்தவர் என்றால் பிள்ளைகளின் சொத்துரிமைக்கு ஆபத்து வரும் என்பது பயம். சாதி போனால் சொத்து போகாது என்ற சட்டம் 1850ல்தான் வந்தது. இறந்தபோது அவர் உடம்பில் பூணூல் இருந்தது. கூட வந்த பணியாளர்களில் பிராமணரும் உண்டு.

இதைக் கேட்டவுடன் 'பார்த்தீங்களா, வேஷம்' என்று சொல்லிவிட்டு எழுந்துபோவது சுலபம். நான் அப்படிப் போக விரும்பவில்லை. சாதி என்பது மனத்தில் இருக்கும் ஒரு தப்பெண்ணம், படித்தால் போய்விடும் என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாக நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உருவ வழிபாட்டையும் சடங்கையும் உபநிடதத்தை வைத்தே மறுத்த ராய், சொந்த வீட்டாரோடு சொத்து வழக்கு நடத்திய ராய், அப்படி நினைக்கவில்லை. நூலுக்கும் நிலத்துக்கும் உள்ள முடிச்சு அவருக்கு நன்றாகத் தெரியும். கடவுளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம், பட்டாவில் கைவைக்க முடியாது. சீர்திருத்தத்தின் எல்லை எது என்று ஒரு புத்தகமும் சொல்லாத அளவுக்கு அந்த உடல் சொல்கிறது. விதவையின் உடலைக் கணவனின் சிதையிலிருந்து விடுவிக்கப் போராடியவர், தன் பிணத்தைச் சாதியிலிருந்து விடுவிக்கவில்லை. விடுவித்திருந்தால் நட்டம் அவருக்கல்ல, வாரிசுகளுக்கு.

பத்தாண்டு கழித்து, 1843 மே 29ஆம் தேதி, அவரைத் தோண்டி எடுத்து ஆர்னோஸ் வேலுக்குக் கொண்டுவந்தார்கள். சத்திரிக்குப் பணம் கொடுத்தவர் துவாரகநாத் தாகூர், ரவீந்திரரின் பாட்டனார். வடிவமைத்தவர் வில்லியம் பிரின்செப், துவாரகநாத்தின் கார், தாகூர் கம்பெனியில் பங்காளியாக இருந்தவர். அவுரி, நிலக்கரி, அபினி என்று எல்லாவற்றிலும் கைவைத்த கம்பெனி. ஆக, ஒரு கூட்டுக் கம்பெனியின் மண்ணில் இன்னொரு கூட்டுக் கம்பெனியின் காசில் எழுந்தது அந்த மண்டபம். துவாரகநாத்தும் ஊர் திரும்பவில்லை. 1846ல் லண்டனில் இறந்து கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார். அதுவும் கம்பெனிக் கல்லறைதான். ராயின் சத்திரியில் கல்வெட்டு 1872ல்தான் சேர்ந்தது. லாண்ட் கார்பெண்டரின் மகள் மேரி கார்பெண்டர் ராயின் கடைசி நாட்களைப் பற்றிப் புத்தகம் எழுதி, 1866 தொடங்கி நான்கு முறை இந்தியா வந்து, சென்னை உட்படப் பல ஊர்களில் பெண் கல்வியையும் சிறைகளையும் பற்றிப் பேசித் திரிந்தவர். அவரும் 1877லிருந்து அதே ஆர்னோஸ் வேலில்தான்.

நான் அங்கே போனபோது சத்திரிக்கு ஒரு மாலை கிடந்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் கூடுகிறார்கள், இந்தியாவிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தால் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அதைத் தாண்டிச் சரிவில் ஏறினால் கல் இல்லாத வெற்று இடங்கள் வரும். வெற்று இடம் என்றால் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை. பொதுக்குழிகள். விக்டோரியாக் காலக் கல்லறைகளில் தனிக்குழி வாங்கக் காசில்லாதவர்களை, ஒருவரோடு ஒருவர் சம்பந்தமில்லாதவர்களை, ஒரே ஆழமான குழியில் பெட்டிமேல் பெட்டியாக அடுக்குவார்கள். குழி நிறையும்வரை மூடமாட்டார்கள். மேலே கல் வைக்கும் உரிமை குடும்பத்துக்குக் கிடையாது. லீட்ஸ் நகரத்தில் ஒரு கினி கட்டினால் பொதுக்கல்லில் மற்றவர்களோடு சேர்த்துப் பெயரை வெட்டித் தருவார்கள். கல்லின் முன்பக்கம் கொஞ்சம் பெயர், பின்பக்கம் கொஞ்சம் பெயர். ஏழைகள் இந்த அவமானத்துக்கு அஞ்சி, சாப்பாட்டைக் குறைத்து வாராவாரம் சாவுச் சங்கத்தில் பென்னி பென்னியாகக் கட்டியது எவ்வளவோ பேர் எழுதிவைத்த விஷயம். ஃபூக்கோவின் தனிப்பெட்டி இவர்களுக்கு வாய்க்கவில்லை.

கல்லறைக் கம்பெனியின் வியாபாரத்தில் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. விற்பது 'நிரந்தரம்', விற்க இருப்பதோ குறிப்பிட்ட அளவு மண். மண் விற்றுத் தீர்ந்ததும் வருமானம் நின்றுவிடும். புல் வெட்டும் செலவு நிற்காது. லாபத்தைப் பங்குதாரர்கள் அவ்வப்போது எடுத்துக்கொண்டுவிடுவார்கள், பராமரிப்பு வருங்காலத்தின் தலையில். இங்கிலாந்தின் கம்பெனிக் கல்லறைகள் அநேகமாக எல்லாமே இருபதாம் நூற்றாண்டில் இப்படித்தான் காடாயின. மார்க்ஸ் கிடக்கும் ஹைகேட்டும் அப்படித்தான். 1975ல் நண்பர்கள் குழு ஒன்று அமைந்து அதைக் காப்பாற்றவேண்டி வந்தது. இன்று மார்க்ஸைப் பார்க்க டிக்கெட் எடுக்க வேண்டும். ஆர்னோஸ் வேலில் 1928ல் பிரிந்த சபையினரின் சிற்றாலயத்தோடு சேர்த்து ஒரு தகனக்கூடம் அமைத்தார்கள். இங்கிலாந்தின் மேற்குப் பகுதிக்கு அதுதான் முதலாவது. எரித்தால் மண் செலவாகாது என்பதைக் கம்பெனி புரிந்துகொண்டது. ஆனால் பிறகு மாநகராட்சிகள் தங்கள் தகனக்கூடங்களைத் திறந்தன, வருமானம் அங்கேயும் வற்றியது.

1987ல் அன்றைய உரிமையாளர் ஒரு பகுதியில் வீடுகள் கட்டும் திட்டத்தை முன்வைத்தார். ஜனங்கள் கொதித்தார்கள். பாதுகாப்புச் சங்கம் உருவானது. 1998ல் தகனக்கூடம் மூடப்பட்டு, வாசலும் சாத்தப்படும் நிலை வந்தபோது, உறவுகளைப் புதைத்தவர்களும் அக்கம்பக்கத்தாரும் வாசலைத் திறந்து மூடும் வேலையைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். சிற்றாலயங்களின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. வேர்கள் கல்லறைகளைப் பிளந்தன. 2003ல் நகரசபை கட்டாயக் கொள்முதல் சட்டத்தைப் பயன்படுத்தி இடத்தை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு பிபிசியின் 'ரெஸ்டோரேஷன்' நிகழ்ச்சியில் இந்தக் கல்லறைத் தோட்டமும் போட்டியிட்டது. அழிந்துகொண்டிருக்கும் கட்டிடங்களில் எதைப் பிழைக்க வைக்கலாம் என்று ஜனங்கள் போனில் ஓட்டுப் போடுவார்கள். ஜெயித்தது மான்செஸ்டரின் விக்டோரியா குளியல் மாளிகை. ஆர்னோஸ் வேலுக்குப் பணம் பாரம்பரிய லாட்டரி நிதியிலிருந்து வந்தது, ஏறத்தாழ 48 லட்சம் பவுண்டு. லாட்டரிச் சீட்டு வாங்குவது யார் என்று யோசித்தால், பொதுக்குழியில் கிடப்பவர்களின் பேரப்பிள்ளைகள்தான் பணக்காரர்களின் தூண்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லலாம். ராயின் சத்திரியை மட்டும் தனியாக, கல்கத்தாவோடு தொடர்புள்ள ஒரு தொழிலதிபரின் நன்கொடையில், அதே காலத்தில் சரிசெய்தார்கள். துவாரகநாத்தின் மரபு!

சீரமைப்பு வேலை 2010 வாக்கில் முடிந்தது. நன்றாகவே செய்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வில்லியம் மாரிஸ் 1877ல் பழங்கட்டிடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது எதிர்த்தது இந்த 'ரெஸ்டோரேஷன்' என்ற சொல்லைத்தான். பழையதைச் சுரண்டிப் புதுப்பித்து ஒரு கற்பனைப் பழமையை உண்டாக்குவதை. அந்தச் சோசலிஸ்டின் எச்சரிக்கை இங்கே ஓரளவு காப்பாற்றப்பட்டிருக்கிறது. காட்டை முழுக்க வெட்டவில்லை. சாய்ந்த கற்கள் பல சாய்ந்தே இருக்கின்றன. மரங்கள், பறவைகள், வௌவால்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இப்போது 'பாரம்பரியம்' என்கிறார்கள். பழைய தகனக்கூடக் கட்டிடத்தை ஒட்டி கண்ணாடிக்கூடம் வந்திருக்கிறது, காப்பி கிடைக்கிறது. சிற்றாலயங்களில் கல்யாணம் நடக்கிறது. சிலர் இதைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. கம்பெனி தீர்க்காத கணக்கைக் கல்யாணக்காரர்கள் தீர்க்கிறார்கள், ஒழுகாத கூரைக்கு யாராவது காசு கொடுத்தாக வேண்டும். மந்திரித்த மண்ணுக்கும் மந்திரிக்காத மண்ணுக்கும் உள்ள வித்தியாசம் காப்பி குடிக்க வருகிறவர்களுக்குத் தெரியாது.

என் கேள்வி வேறு. எதைச் சீரமைப்பது என்பதைக் கல் தீர்மானிக்கிறது. கல் இருந்தால்தானே சீரமைக்க முடியும்? அடிமை வியாபாரி கோல்ஸ்டனின் சிலையை 2020 ஜூன் 7ஆம் தேதி பிரிஸ்டல் ஜனங்கள் இழுத்துக் கீழே தள்ளி உருட்டிக்கொண்டுபோய்த் துறைமுகத்தில் போட்டார்கள். அடுத்த சில நாட்களில் யாரோ, அதே நகரின் ஹென்பரி கோயில் வளாகத்தில் 1720ல் பதினெட்டு வயதில் செத்துப்போன சிப்பியோ ஆப்பிரிக்கானஸ் என்ற கறுப்பின இளைஞனின் கல்லறையை உடைத்தார்கள். ஒரு பிரபுவின் வீட்டில் அடிமையாக இருந்தவன். பிரிஸ்டலின் கப்பல்கள் ஏற்றிச் சென்ற ஆயிரக்கணக்கானவர்களில் கல் கிடைத்த ஓரிருவரில் ஒருவன். உடைப்பதற்கு அதுதான் அகப்பட்டது.

அதே பிரிஸ்டலில் ஈஸ்ட்வில் என்ற பகுதியில் ஒரு ஏழை விடுதி இருந்தது. 1851க்கும் 1895க்கும் இடையில் அங்கே செத்தவர்களில் 4000க்கும் அதிகமானவர்களை விடுதிக்குப் பின்னாலிருந்த ரோஸ்மேரி கிரீன் என்ற நிலத்தில் கல்லில்லாமல் புதைத்தார்கள். சிற்றாலயமும் இல்லை, அயோனிக் தூணும் இல்லை. 1970களில் விடுதியை இடித்து வீடுகள் கட்டியபோது எலும்புகளை அள்ளிக்கொண்டுபோய் ஏவன்வியூ கல்லறைத் தோட்டத்தில் ஒரு மூலையில் மறுபடியும் அடையாளமின்றிப் புதைத்தார்கள். ராயைத் தோண்டியெடுத்து மாற்றியபோது நடந்த மரியாதையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இதை வெளியே கொண்டுவந்தது பல்கலைக்கழகமோ பாரம்பரிய நிதியமோ இல்லை. பிரிஸ்டல் ரேடிக்கல் ஹிஸ்டரி குரூப் என்ற குழுவைச் சேர்ந்தவர்களும் அந்தப் பகுதி மக்களும். சம்பளமில்லாமல் அடக்கப் பதிவேடுகளை உட்கார்ந்து படித்து, பெயர், வயது, தேதி என்று ஒவ்வொருவராக எழுதி எடுத்தார்கள். 2015ல் ரோஸ்மேரி கிரீனில் நினைவுக்கல் ஒன்றை நட்டார்கள். பெயர்கள் எல்லாவற்றையும் பட்டியலாகப் பொதுவில் வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் தங்கள் ஆட்களைத் தேடலாம்.